ஐம்பதுக்குக் கீழே

ஓவர்பூலாரே
14 ஜனவரி 1997

அன்புத் தம்பி பாவோவுக்கு,

அக்கா கோதலீவ் எழுதுவது. நீ இத்தாலிக்குக் கிளம்பி எட்டு நாள் ஆகிறது. இருமல் நின்றதா? அணிக்காரர்கள் வேளைக்குச் சோறு போடுகிறார்களா? இங்கே எல்லோரும் சுகம். வழக்கமாக இந்த வரியை எழுதும்போது கொஞ்சம் பொய் கலப்பேன். இந்த முறை கலக்கவில்லை. அதைச் சொல்லத்தான் கடிதம்.

அம்மா மாடிப்படி ஏறுகிறாள். போன வருடம் இந்நேரம் நாலாவது படியில் உட்கார்ந்துகொண்டு, தூசி தட்டுவதாகச் சொன்னவள். சிறுநீரகங்கள் இரண்டும் இன்னும் வேலைநிறுத்தத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அக்டோபரில் ஆரம்பித்த ஊசி மருந்து அவற்றைக் கேட்காமலே ரத்தம் உண்டாக்குகிறது. வாரம் மூன்று ஊசி, வயிற்றில் தானே போட்டுக்கொள்கிறாள். மருந்துப் பெட்டி ஃப்ரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. நூறு பங்கு ரத்தத்தில் சிவப்பணு எத்தனை பங்கு என்று ஓர் எண் சொல்கிறார்களே, அது அவளுக்கு இருபத்திரண்டாக இருந்தது. இப்போது முப்பத்துநாலு. டாக்டர் தானே பெற்றெடுத்த எண்ணைப்போல அதை இரண்டு தடவை சொன்னார்.

அதே எண்தான் இந்த வாரம் என் கஃபேயிலும் பேச்சு. இனிமேல் சைக்கிள் வீரர்கள் உங்களுக்கெல்லாம் பந்தய நாள் காலையில் ரத்தம் எடுப்பார்களாம். ஐம்பதைத் தாண்டினால் பதினைந்து நாள் வண்டி ஓட்டக் கூடாதாம். அது தண்டனை அல்ல, வீரரின் ஆரோக்கியத்துக்கான ஓய்வு என்று சைக்கிள் சங்கம் அறிக்கை விட்டிருக்கிறது. மருந்தைக் கண்டுபிடிக்கும் சோதனை அவர்களிடம் இல்லை. அதனால் ரத்தத்தின் கெட்டியை அளக்கிறார்கள். ஓமர் மாமா தன் பந்தயப் புறாக்களை மறந்துவிட்டு அரை மணி நேரம் இதைப் பற்றிப் பேசினார்.

"இர்மாவுக்குப் போடற அதே மருந்தா?" என்றார்.

அதேதான் என்றேன்.

"அப்ப உங்கம்மாவையும் ஒரு சைக்கிள்ல ஏத்தி விடலாமே."

அம்மாவிடம் சொன்னேன். "இருக்கை உயரமா இருந்தா வர மாட்டேன்" என்றாள்.

உன் ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது என்பதை உன் ரசிகர் மன்றத்தில் யாரும் பேசுவதில்லை. நாற்பத்துமூன்று உறுப்பினர்கள், அதில் பதினொரு பேர் சொந்தக்காரர்கள். பேசாமலிருப்பதில் எல்லோரும் ஒற்றுமையாக இருக்கிறோம்.

கழுத்தை மூடிக்கொண்டு போ.

அக்கா
கோதலீவ்


பெர்காமோ
3 பிப்ரவரி

அன்புள்ள அக்கா,

இருமல் நின்றது. அந்த இடத்தை முழங்கால் எடுத்துக்கொண்டது, அதுவும் சரியாகிவிடும். நீயும் அம்மாவும் மாமாவும் சௌக்கியம் என்பதில் சந்தோஷம். அம்மா படியேறுவதை நினைத்துக்கொண்டே நேற்று மலை ஏறினேன். அவள்தான் முந்தியிருப்பாள்.

எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். நாற்பத்தொன்று. என் அறைத்தோழன் ஃபப்ரீட்ஸியோவுக்கு நாற்பத்தெட்டு. பிறவியிலேயே அப்படி என்கிறான். போன வருடம் அவனுக்கு நாற்பத்துமூன்று. இந்த வருடம் மறுபடி பிறந்திருக்கிறான் போலிருக்கிறது.

மேலாளர் நேற்று தோளில் கை போட்டு, "பாவோ, உன் கால் ரொம்ப நேர்மையான கால்" என்றார். எங்கள் தொழிலில் இதைப் பிரிவுபசாரத்தில்தான் சொல்வார்கள். அணித் தலைவர்களுக்கு வேண்டியதை டாக்டர் பார்த்துக்கொள்கிறார். என்னைப்போல் அவர்களுக்குத் தண்ணீர் சுமப்பவர்கள் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். யாரும் அப்படி வாய்விட்டுச் சொல்வதில்லை. எனக்கு முப்பது வயது. அப்பாவின் கூரை வேலைக்குப் போகலாமென்றால், உயரத்தில் எனக்குத் தலை சுற்றும் என்று உனக்கே தெரியும்.

மார்ச், ஏப்ரல் பந்தயங்கள் எல்லாம் நம் பக்கம்தான். ஆறு வாரம் வீட்டிலேயே தங்குகிறேன். ஆஸ்பத்திரி என் பயிற்சிப் பாதையில்தான் இருக்கிறது. அம்மாவின் மருந்துப் பெட்டியை இனி நானே வாங்கி வருகிறேன், நீ கஃபேயை மூட வேண்டாம். மாதம் எத்தனை குப்பி கொடுக்கிறார்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அம்மாவுக்கு முத்தம்.

உன் தம்பி
பாவோ


ஓவர்பூலாரே
23 ஏப்ரல்

அன்புத் தம்பிக்கு,

பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தாயா? நீ போன பிறகு வீட்டில் சாப்பாட்டு அளவு தெரியாமல் இரண்டு நாள் உருளைக்கிழங்கு மீந்தது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. தொண்டை மட்டும் இன்னும் கட்டியிருக்கிறது, காரணம் நீ.

ஏப்ரல் ஆறாம் தேதியை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். நம் ஊர்ப் பக்கத்துச் சுவர் மேட்டின் கல்பாதையில் முதல் ஆளாக வந்தது யாரென்று எங்களுக்கு முதலில் புரியவில்லை. உன்னை முன்னால் பார்த்து எங்களுக்குப் பழக்கமில்லை. எட்டு வருடமாக, கூட்டமெல்லாம் போன பிறகு வருகிறவனுக்காகக் கைதட்டக் கற்றுக்கொண்டவர்கள் நாங்கள். ஓமர் மாமா, "டேய், பின்னால ஏதாச்சும் தப்பு நடந்துபோச்சா?" என்று கேட்டார். பிறகு அழுதார். பதினோராவது இடம். உங்கள் அணித் தலைவன் ஜெயித்ததே உன் முதுகின் மறைவில்தான் என்று தொலைக்காட்சியில் இரண்டு முறை சொன்னார்கள். மன்றத்தில் இப்போது தொண்ணூற்றாறு பேர். சொந்தக்காரர்கள் அதே பதினொன்றுதான்.

அம்மா அன்றைக்கு மேட்டில் முக்காலி போட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போது கால் வரவில்லை, உங்கள் மெக்கானிக் எத்தியென்தான் தூக்கி வந்தான். கத்தினதால் வந்த களைப்பு என்கிறாள். பதினேழு நாளாக அதே களைப்பு. நேற்று எண் பார்த்தார்கள், முப்பது.

பெட்டியை இந்த இரண்டு மாதமும் நீயே வாங்கி வந்தாய், உபகாரம். ஒருநாள் நான் சமையலறைக்குள் வந்தபோது நீ ஃப்ரிட்ஜைச் சட்டென்று சாத்தினாய். நான் வெண்ணெய் எடுக்கத்தான் வந்தேன்.

உன் எண்ணை நீ இந்த முறை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்கா


பெர்காமோ
12 மே

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமானதற்கு வருந்துகிறேன். பயிற்சி அதிகம். தொண்டைக்குத் தேன் சாப்பிடு.

என் எண் நாற்பத்தேழு. வயது ஏற ஏற ரத்தமும் ஏறும்போலிருக்கிறது.

போன வாரம் விடிந்ததும் சோதனைக்காரர்கள் ஓட்டலுக்கு வந்தார்கள். கீழே வரவேற்பில் அவர்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே மாடியில் அத்தனை அறையிலும் குழாய் திறக்கிற சத்தம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் உப்புத் தண்ணீர். ரத்தம் நீர்த்துப்போகும் என்று நம்பிக்கை. மூன்று அணிகளைச் சோதித்தார்கள், இருபத்தேழு பேர். பாதிப் பேருக்கு நாற்பத்தொன்பதும் சொச்சமும். இரட்டைப் பிள்ளைகள்கூட இப்படி ஒத்துப்போக மாட்டார்கள். சங்கத்து டாக்டர் எண்களைப் படித்துவிட்டு, விளையாட்டு சுத்தமாகி வருகிறது என்றார். நாங்கள் எல்லோரும் கழிப்பறைக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம்.

மேலாளர் இப்போது என் காலின் நேர்மையைப் பற்றிப் பேசுவதில்லை. இரண்டு வருட ஒப்பந்தம் என்று பேச்சு இருக்கிறது. ஜூலையில் பிரான்ஸ் பந்தயத்துக்கும் என் பெயர் இருக்கிறதாம்.

எத்தியென் அணி லாரியில் கொண்டுவந்த பொட்டலம் கிடைத்தது. தயிர்க்கட்டிப் பணியாரம் உடையாமல் வந்தது என்று அம்மாவிடம் சொல். அவள் ஓய்வெடுக்கட்டும்.

தம்பி
பாவோ


ஓவர்பூலாரே
30 மே

அன்புத் தம்பிக்கு,

நீ நலமா? இங்கே ஓமர் மாமா தவிர யாருக்கும் காய்ச்சல் இல்லை. அவருக்கும் காய்ச்சல் அல்ல, அவமானம். புறாச் சங்கத்திலிருந்து சோதனைக்காரர்கள் வந்து அவருடைய முதல்தரப் புறாவின் எச்சத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அரக்கு வைத்து, மாமாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். கண்ணுக்கு ஏதோ சொட்டு மருந்து போட்டாராம். மூன்று வருடத் தடை. உப்புத் தண்ணீர் குடிக்க வைக்கலாம் என்று புறாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இனி எழுதப்போவதைச் சிரிக்காமல் படி.

அம்மாவின் எண் இருபத்தேழு. டாக்டர் மருந்தின் அளவை இரட்டிப்பாக்கிவிட்டார். "அம்மா, நிஜமாவே ஊசி போட்டுக்கறீங்களா?" என்று கேட்டார். அம்மாவுக்கு வந்ததே கோபம். "டாக்டர், நான் மாட்டுக்கே ஊசி போட்டவ. எனக்குப் போட்டுக்கத் தெரியாதா?" என்றாள். அவர் மன்னிப்புக் கேட்டார். சில உடம்புகள் கொஞ்ச நாளில் மருந்துக்குப் பழகிவிடும் என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

பாவோ, ஏப்ரலில் நான் உன்னைச் சந்தேகப்பட்டேன். நீ வீட்டில் இருந்த ஆறு வாரத்தில் நீ ஏறினாய், அம்மா இறங்கினாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் தம்பியைப் பற்றி அப்படி நினைத்துக்கொண்டே உனக்குச் சட்டை இஸ்திரி போட்டேன். இப்போது நீ போய் ஆறு வாரம் ஆகிறது. பெட்டியை நான்தான் வாங்கி வருகிறேன். எண் அப்படியும் இறங்குகிறது. ஆகவே குற்றம் உன்மேல் இல்லை. நான் நினைத்தது பாவம். என்னை மன்னித்துவிடு.

இதை எழுதிய பிறகு உடம்பு லேசாக இருக்கிறது.

உன் அக்கா
கோதலீவ்


வீட்டிலிருந்து
11 ஜூன்

பாவோ கண்ணு,

அம்மா எழுதறேன். எழுத்து கோணினா கண்ணாடியத் திட்டு, என்னைத் திட்டாதே. நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இரு.

எத்தியென் ஹாரன் அடிக்கறதுக்குள்ள எழுதி முடிக்கணும். காப்பி பிளாஸ்க்குல ஐஸ் போட்டு வெச்சிருக்கேன். திறக்கும்போது பாத்துத் திற. டாக்டர் அளவ இரட்டிப்பாக்கிட்டார், நல்லதாப் போச்சு. இந்தத் தடவ வந்த குப்பியில உனக்கு எட்டு, எனக்கு நாலு. எனக்கு நாலு போதும். வீட்டுக்குள்ள இருக்கறவளுக்கு எவ்வளவு ரத்தம் வேணும், நான் என்ன மலையா ஏறப்போறேன்?

நீ போன கடுதாசியில வேண்டாம்மா, நிறுத்திடும்மான்னு எழுதியிருந்தே. நிறுத்தறது அப்புறம் பாக்கலாம். முதல்ல அவங்க கையெழுத்துப் போடட்டும்.

மார்ச்சுல நீ மூணு குப்பி எடுத்தது எனக்கு அன்னிக்கே தெரியும். நீ கேட்டிருக்கலாம். உன்னைத் திருடற பிள்ளையா நான் வளக்கல. அதான் நானே கொடுத்தனுப்பறேன். கொடுத்தா திருட்டு இல்ல.

உங்கப்பா கூரையிலேர்ந்து விழுந்தப்ப அவருக்கு முப்பத்தொண்ணு. அந்த ஏணிய நான் இன்னும் யாருக்கும் கொடுக்கல. நீ அதுல ஏற வேண்டாம்.

அக்காவுக்குத் தெரிய வேண்டாம். அவளுக்கு வாய் ஜாஸ்தி. மனசு அதைவிட ஜாஸ்தி, அதான் பயம்.

ஹாரன் அடிச்சுட்டான். பணியாரத்த ஃபப்ரீட்ஸியோவுக்கும் கொடு.

அம்மா


ஓவர்பூலாரே
1 ஜூலை

அன்புத் தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு ஒரு குறையும் இல்லை. மே மாதக் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. பரவாயில்லை, போட வேண்டும் என்றில்லை. அதை மறந்துவிடு.

சுவிஸ் பந்தயத்தில் நீ கடைசி மலையில் நாலு பேரோடு தப்பித்துப் போனதைப் பார்க்கக் கஃபேயில் நிற்க இடமில்லை. அறுபது பேர். ஜன்னல் விளிம்பில் பாதிரியார். மன்றத்தில் நூற்று நாற்பது பேர் ஆகிவிட்டார்கள், பிரான்சுக்கு இரண்டு பேருந்து பேசியிருக்கிறது. உன் முகம் போட்ட கொடி தைத்திருக்கிறார்கள். மூக்கு மாமாவுடையது மாதிரி வந்துவிட்டது.

அம்மாவுக்குப் புது ஃப்ரிட்ஜ் வாங்கினேன். பழையது சரியாகக் குளிர்கிறதா என்று டாக்டர் ஒருமுறை கேட்டிருந்தார். குளிர்ச்சி போதாமல் மருந்து கெட்டுப் போயிருக்கலாம் அல்லவா? அதுதான் காரணமாக இருக்கும். உயரமான, வெள்ளை, சத்தமில்லாத ஃப்ரிட்ஜ். வெண்ணெய்க்குத் தனிக் கதவு. கடைக்காரன் பத்து வருடத்துக்கு உத்தரவாதம் கொடுத்தான்.

அம்மா மத்தியானம் தூங்குகிறாள். முற்பகலிலும் தூங்குகிறாள். எண் என்னவென்று இந்த முறை நான் கேட்கவில்லை.

பிரான்சில் நன்றாக ஓட்டு. எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்போம்.

அக்கா


பிரான்ஸ், மலையடிவாரம்
18 ஜூலை

அக்கா,

நலம். அதாவது, நலமில்லை என்று இன்று காலை எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள்.

ஐம்பது புள்ளி எட்டு. உப்புத் தண்ணீர் குடிக்க நேரமில்லை, என் கதவைத்தான் முதலில் தட்டினார்கள். சங்கத்து டாக்டர் ரொம்ப மரியாதையானவர். "இது குற்றச்சாட்டு இல்ல. உங்க ஆரோக்கியத்துக்காகப் பதினஞ்சு நாள் ஓய்வு எடுத்துக்குங்க" என்று கை குலுக்கினார். வெயிலில் உடம்பு வற்றிவிட்டதாக அணி அறிக்கை விடும். வெயில் இருந்தது உண்மைதான்.

ஒப்பந்தத்துக்கு ஆபத்தில்லை என்கிறார் மேலாளர். ஐம்பதைத் தொட்டவன் முயற்சி செய்கிறவன் என்று நினைக்கிறாரோ என்னவோ.

இதை எத்தியென்னிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளை மறுநாள் வருகிறேன். அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. கொடியைச் சுருட்டி வையுங்கள்.

பாவோ


பெர்காமோ
22 ஆகஸ்ட்

அன்புள்ள அக்கா,

அம்மா இன்று எப்படி இருக்கிறாள்? எழுந்து உட்கார்கிறாளா? உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன். நேரில் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் அம்மாவின் கட்டில் தலைமாட்டுச் சீட்டில் இருபது என்று எழுதியிருந்ததே, அதன் கீழே பத்து நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ரத்தம் ஜாஸ்தி என்று ஒருவனுக்கு ஓய்வு, ரத்தம் இல்லையென்று ஒருத்திக்குப் படுக்கை. நர்ஸ் வந்து என்னைப் பார்த்து, "பையன் எவ்வளவு ஆரோக்கியமா இருக்கான்" என்றாள். அம்மா கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

ரத்தம் ஏற்ற வேண்டும், விடுமுறைக் காலம், அவள் வகைக்குக் கையிருப்பு குறைவு என்று டாக்டர் சொன்னார் இல்லையா? என் வகையும் அதேதான். போன வாரம் வியாழக்கிழமை நம் ஊர் மாதாகோவில் கூடத்தில் ரத்த தானம் நடந்தது. போனேன். மேசையில் லுட்கார்ட் உட்கார்ந்திருந்தாள், நம் மன்றத்துக்குச் சந்தா வசூலிக்கிற அதே லுட்கார்ட். "வா பாவோ, உங்கிட்ட இல்லாத ரத்தமா" என்று சட்டைக் கையை அவளே மடித்துவிட்டாள். பிறகு தாளை எடுத்து வரிசையாகக் கேட்டாள். மஞ்சள் காமாலை வந்ததுண்டா, பச்சை குத்தினதுண்டா.

"ஆறு மாசத்துல டாக்டர் எழுதித் தராத ஊசி ஏதாவது?"

அவள் ஏற்கெனவே 'இல்லை' என்ற கட்டத்துக்குப் பேனாவைக் கொண்டுபோய்விட்டாள்.

எத்தனையோ தாளில் இந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அக்கா. யோசித்ததே இல்லை. அன்றைக்கு என்னவோ, இந்தப் புட்டி அம்மாவுக்கே போனாலும் போகலாம், அதில் கேடு ஏதாவது இருந்துவிட்டால் என்று தோன்றியது. ஆமாம் என்றேன்.

"என்ன ஊசி?"

"அம்மாவோட மருந்து."

அவள் பேனாவை மூடினாள். மடித்த கையை இறக்கிவிட்டுப் பொத்தானையும் போட்டுவிட்டாள். "அந்தப் பக்கம் சாண்ட்விச் வெச்சிருக்கு. சாப்பிட்டுப் போ. வர்றவங்க எல்லாருக்கும் உண்டு" என்றாள். சாப்பிட்டேன். ஏன் சாப்பிட்டேன் என்று தெரியவில்லை.

அவள் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். நான் சொல்கிறேன். மார்ச்சில் மூன்று குப்பி நானாக எடுத்தேன். பிறகு அம்மா கொடுத்தனுப்பினாள். வேண்டாம் என்று ஒருமுறை எழுதினேன். வந்த குப்பிகளைத் திருப்பி அனுப்பவில்லை. நீ மே மாதம் என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினாய். அந்தக் கடிதம் வந்த அன்றும் போட்டுக்கொண்டேன்.

பதினெட்டாம் தேதி இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதைக் கிழித்துவிட்டுப் பத்திரிகைக்காரர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமென்று இருக்கிறேன். அதற்கு முன் நீ என்னை மன்னிக்க முடியுமா என்று தெரிய வேண்டும். உன் பதில் வரும்வரை ஒன்றும் செய்ய மாட்டேன்.

பாவோ


ஓவர்பூலாரே
13 அக்டோபர்

தம்பி பாவோவுக்கு,

ஏழு வாரமாகப் பதில் போடவில்லை. நீயும் காத்திருந்தாய், ஒன்றும் செய்யவில்லை. என் மௌனம் உனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். குத்திக்காட்ட எழுதவில்லை. எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

செப்டம்பர் இருபத்துமூன்றாம் தேதி அம்மா போன செய்தியைத் தொலைபேசியில் சொன்னதற்கு அப்புறம் நாம் பேசவில்லை. அடக்கத்தன்று கோவிலில் நீ கடைசி வரிசையில் நின்றாய். சொந்தப் பிள்ளை கடைசியில் நிற்பதைப் பார்த்து, எவ்வளவு பணிவு என்றார்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நானும் கடைசிக்கு வந்திருக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அம்மாவைப் பற்றி. ஆகஸ்டிலிருந்து ஒவ்வொரு ஊசியும் நானே போட்டேன். குப்பியை உடைத்து, அவள் வயிற்றில் ஏறுகிற வரை பார்த்தேன். எண் இருபத்துநாலு வரை வந்தது. எண் வந்தது, இதயம் வரவில்லை. அத்தனை மாதம் தண்ணீராய்ப் போன ரத்தத்தை இறைத்தே தேய்ந்துவிட்டது என்றார் டாக்டர். ஒரு மருந்து ஏன் ஆறு மாதம் தூங்கிவிட்டு ஆகஸ்டில் விழித்துக்கொண்டது என்று அவருக்குப் புரியவில்லை. மருத்துவப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதப் போகிறாராம். என்னிடம் ஃப்ரிட்ஜின் மாதிரி எண் கேட்டார். கொடுத்தேன்.

கடைசி வாரம் அம்மா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "அவன் கையெழுத்துப் போட்டுட்டானா?" போட்டுவிட்டான் என்றேன். "அப்ப சரி" என்றாள்.

இனி என் விஷயம்.

ஜூன் இருபத்தொன்று, சனிக்கிழமை. சுவிஸ் பந்தயம் தொலைக்காட்சியில் ஆரம்பிக்க அரை மணி இருந்தது. கஃபேயில் பால் தீர்ந்துவிட்டது, அம்மா வீட்டில் எடுக்கலாமென்று பின்பக்கமாக வந்தேன். வாசலில் எத்தியென்னின் லாரி, இஞ்சினை நிறுத்தாமல். சமையலறையில் அம்மா பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு குப்பிகளை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் கைக்குட்டை ஓரத்தில் சுற்றி இறக்கினாள். என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இவ்வளவு வயதில் அவள் முகம் சிவந்து நான் பார்த்ததில்லை. அந்த ரத்தத்தில் சிவக்க முடிந்ததே ஆச்சரியம்.

"கதவச் சாத்து, ஈ வருது" என்றாள்.

சாத்தினேன். வெளியே நின்று சாத்தினேன்.

அப்புறம் கஃபேக்குப் போனேன். அறுபது பேர் இருந்தார்கள், பாதிரியார் ஜன்னலில் உட்கார்ந்திருந்தார், பத்து வருடத்தில் முதல்முறையாக நாற்காலி இரவல் வாங்கியிருந்தேன். நீ மலையில் நாலு பேரோடு பிரிந்தபோது எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்து கத்தினேன், பாவோ. தெரிந்துகொண்டே கத்தினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதன் பிறகு பத்து நாள் யோசித்து, அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்பதற்குப் பதில் ஃப்ரிட்ஜ் வாங்கினேன்.

ஜூனில் அவள் எண் இருபத்தைந்து என்று பிறகுதான் சீட்டில் பார்த்தேன், அப்போதே பேசியிருந்தால் அவளை மீட்டிருக்கலாம். பேசவில்லை. ஆகவே நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டது தவறான விலாசம். என்னிடம் அது இல்லை.

ரசிகர் மன்றத்தில் அம்மா பெயரில் வருடாவருடம் ஒரு நினைவுப் பந்தயம் நடத்தத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். மாமா கோப்பைக்குச் சொல்லிவிட்டார். சிறுநீர்ச் சோதனை, ரத்தச் சோதனை எல்லாம் வைக்க வேண்டுமா என்று யாரோ கேட்டார்கள். "இர்மா பேர்ல நடக்கற பந்தயத்துல எவன் தப்புப் பண்ணுவான்" என்றார் மாமா. எல்லோரும் கைதட்டினார்கள். லுட்கார்ட் கைதட்டவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பந்தயம் வேண்டாம் என்றேன். துக்கத்தில் பேசுகிறேன் என்று நினைத்து எல்லோரும் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள்.

இருபத்தாறாம் தேதி ஞாயிறு, பூசை முடிந்து பதினொரு மணிக்கு மன்றத்தின் பொதுக்குழு. நூற்று நாற்பது பேரும் வருவார்கள். பத்திரிகைக்காரர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் இவர்களிடம் வா. நீ உன்னைப் பற்றிச் சொல். பக்கத்தில் நின்று நான் என்னைப் பற்றிச் சொல்கிறேன். எத்தியென்னிடம் பேசிவிட்டேன், அவனும் வருகிறான். பிளாஸ்க்கில் என்ன இருந்தது என்று தனக்குத் தெரியாது என்றுதான் முதலில் சொன்னான். பிறகு தெரியும் என்றான்.

அம்மாவைப் பற்றி நம்மில் யார் சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. மூன்று நாளாக யோசிக்கிறேன். வாயெடுத்தால் அவள் சிவந்த முகம் வந்து நிற்கிறது. உனக்கு ஏதாவது வழி தோன்றினால் எழுது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
கோதலீவ்